வில்லிசைக் குழுவின் ஓசை மாறலாமா?



ஓர் இசைக்குழு தன் ஓசையைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்னும் வினா உலகெங்கும் கேட்கப்படுவது. மேலைநாட்டு ராக் இசைக்குழுக்களைப் பற்றி அவற்றின் அன்பர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வினாவை விவாதித்து வருகின்றனர். நாஞ்சில் நாட்டில் இதே வினா வேறொரு குழுவைப் பற்றி, வேறொரு களத்தில் எழுகின்றது. கும்பப்பூ அறுவடை முடிந்த பின், பங்குனியிலும் சித்திரையிலும் அம்மன் கோவில்களிலும் சுடலைமாடன் கோவில்களிலும் கொடை நிகழும். வில்லடிக்க வந்த குழுவினர் வில்லோடு கீபோர்டையும் மின்னணுத் தாளக் கருவியையும் பந்தலில் எடுத்து வைத்தால், முதியோர் முகம் சுளிக்கின்றனர். இளைஞர் முன்வரிசைக்கு நகர்கின்றனர். இரு சாராரும் அதே ஊருக்கு வரி கொடுத்தவர்கள். அதே தெய்வத்தை வணங்குபவர்கள். இவருள் யார் பக்கம் நியாயம் என்பதே இவ்வுரையின் பொருள்.

மேலைநாட்டு வழக்கு ஒன்றை முதலில் நோக்குவது பயன் தரும். 1965ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், பெரும்பாலும் மரக்கிதாரும் வாயில் வைத்து ஊதும் ஆர்மோனிகாவும் கொண்டு தனித்துப் பாடி வந்த பாப் டிலன், மின்கிதாருடனும் பக்க இசைஞர்களுடனும் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். அக்கூச்சல் மின்கிதாரை எதிர்த்து எழுந்ததா, பாடகரின் சொற்கள் காதில் விழாதபடி ஒலியமைப்பு கெட்டிருந்ததை எதிர்த்து எழுந்ததா, நிகழ்ச்சி சுருங்கிப் போனதை எதிர்த்து எழுந்ததா என்பதில் இன்றளவும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அன்று ஓசையை மாற்றிய அதே மனிதருக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசுக்குழு போற்றியது அவருடைய கிதாரை அன்று; பாட்டு மரபுக்குள் அவர் கொணர்ந்த புதிய கவித்துவ வெளிப்பாட்டை.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1962இல் தன் முதல் இசைத்தட்டை அக்குழுவின் பெயரில் வெளியிட்டது. 1965இல் அதன் பாடல் ஒன்றில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்தார். மறு ஆண்டு பண்டிட் ரவிசங்கரிடம் பாடம் கேட்டார். 1966 ஆகஸ்டு 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கச்சேரியோடு அக்குழு ஊர் ஊராகச் சென்று பாடுவதையே நிறுத்திக்கொண்டு, 1967இல் முற்றிலும் புதிய ஓசையுடைய இசைத்தட்டை வெளியிட்டது. இதற்கு நேர்மாறாக, 1973இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஏசி-டிசி என்னும் குழு ஏறத்தாழ ஒரே ஓசையை அரை நூற்றாண்டாகப் பேணி வருகின்றது. அதன் அன்பர்கள் அதையே விரும்புகின்றனர். ஆக, மாறியதால் வாழ்ந்தவரும் உண்டு. மாறாததால் வாழ்ந்தவரும் உண்டு. ஆண்டுக் கணக்கைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பது இதனால் தெளிவாகும்.

ஆயினும் அவர்களுக்கும் வில்லிசைக் குழுவினருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பீட்டில்ஸ் குழு எவ்வளவு மாறினாலும் 1963ஆம் ஆண்டின் ஓசை இசைத்தட்டில் இருக்கின்றது. பழையதை விரும்புபவர் வீட்டில் அமர்ந்து அதைக் கேட்கலாம். வில்லடிக் கலைஞர்களுள் பெரும்பாலோருக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. ஓர் அண்ணாவி மறைந்தால் அவர் குரல் மட்டுமா மறைகின்றது? அவர் எந்த இடத்தில் தாளத்தை முடுக்கினார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்னும் அறிவும் மறைகின்றது. இங்கே ஓர் ஓசை மாறுமாயின் பழைய ஓசைக்குத் திரும்பிச் செல்ல வழி இல்லாமற் போகலாம். ஆதலின் நாஞ்சில் நாட்டில் இவ்வினாவுக்குக் கூடுதலான கனம் உண்டு.

இனி, மாறுகின்றது என்று சொல்லப்படும் அவ்வோசை எத்தகையது என்பதைக் காணலாம். பனைமர வைரத்தினாலோ மூங்கிலினாலோ செய்த நீண்ட வில். அதன் வளைவில் வரிசையாகக் கட்டிய வெண்கல மணிகள். இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய தோல் நாண். வில் மண்குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். தலைமைப் பாடகர் இரு கைகளிலும் வீசுகோல்களை ஏந்தி நாணில் அடிப்பார். நாண் அதிரும், மணிகள் குலுங்கும், அதிர்வு குடத்துக்குள் இறங்கிக் கார்வை பெறும். குடம் அடிப்பவர் பத்தி எனப்படும் தட்டையான மட்டையால் குடத்தின் வாயை அடித்து ஆழ்ந்த ஒலி எழுப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்கும்.

இக்கருவிகளுள் ஒன்றுகூட இராகம் வாசிக்கும் கருவி அன்று என்பது கருதத்தக்கது. உடுக்கையின் நாடாவை இறுக்கியும் தளர்த்தியும் சிறிது ஏற்ற இறக்கம் காட்டலாம், அவ்வளவே. மெட்டு முழுவதும் மனிதக் குரலில்தான் தங்கியிருந்தது. எனவே பாடுபவர் சொல்லுக்கேற்பச் சுருதியை வளைத்தார். அழுகை வருமிடத்தில் குரலை உடைத்தார். வசனத்துக்கும் பாட்டுக்கும் இடையே எல்லைக்கோடு இன்றி நடந்தார். பாட்டு முடிந்து வசனம் தொடங்கும்போது வில் அடங்கும். அந்த அடக்கமும் ஓசையின் ஒரு பகுதியே.

குழுவின் அமைப்பும் நோக்கத்தக்கது. பாடுவோர் வலம் பாடுவோர் என்றும் இடம் பாடுவோர் என்றும் இரு பக்கமாகப் பிரிந்து அமர்வர். ஒரு பக்கம் எடுத்துக் கொடுக்க, மறுபக்கம் ஏற்றுப் பாடும். தலைமைப் பாடகர் கதை சொல்ல, மறுபக்கத்தார் 'ஆமா' என்று ஏற்பர். ஊரார் மனத்தில் எழும் ஐயத்தைத் தாமே கேட்டு விடை வாங்குவர். கேட்பவனின் இடம் குழுவுக்குள்ளேயே ஒதுக்கப்பட்டிருக்கும் கலை இது.

இவ்வமைப்பில் முதலிற் புகுந்த பெரிய மாற்றம் கீபோர்டு அன்று. ஆர்மோனியமும் தபேலாவும் ஆகும். இன்று பழைமையின் பக்கம் நின்று பேசும் முதியோர் பலர் தம் இளமையில் கேட்டது ஆர்மோனியத்தோடு கூடிய வில்லுப்பாட்டையே. அவ்வார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. அதன் அசையாத சுருதிகள் இந்திய இசைக்கு ஒவ்வா என்று கருதி, அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி நிலையத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட கருவி, அக்காலத்தில் நாடகக் கொட்டகையிலும் பஜனைக் கூடத்திலும் வில்லுப்பாட்டுப் பந்தலிலும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

உயர்கலை எனப்படும் கருநாடக இசையின் வரலாறும் இத்தகையதே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுவரத்தின் நீளத்தை மிகுவித்துச் சுருதியைத் தாழ்த்தினார். அன்று அது புதுமை; இன்று அதுவே மரபு. எனவே மாற்றம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் அஞ்சுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆனால் ஆர்மோனியம் வந்ததால் வில்லுப்பாட்டில் நிகழ்ந்தது என்ன என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மெட்டுக்குக் குரலை விட்டால் வேறிடம் இல்லாத நிலை மாறியது. சுருதி நிலைபெற்றது, பலர் சேர்ந்து பாடுவது எளிதாயிற்று, பெருங்கூட்டத்தின் முன் குரல் தளராமல் நிற்கத் துணை கிடைத்தது. இவை நன்மைகள். மறுபுறம், சொல்லுக்கேற்ப வளைந்த குரல் கட்டைகளுக்கேற்ப நேரானது. வில் அடங்குமிடத்தில் இருந்த மௌனத்தை ஆர்மோனியத்தின் ஒலி நிரப்பியது. திரைப்பட மெட்டுகள் உள்ளே வருவதற்கு வாயில் அகன்றது. ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைத் தந்து ஒன்றை வாங்கிக்கொள்ளும். பெற்றது எது, கொடுத்தது எது என்று கணக்குப் பார்ப்பதே அறிவுடைமை.

இக்கணக்கில் இரு பெரும் பெயர்களைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957), நாடகத்திலும் திரைப்படத்திலும் புகழ் பெற்ற பின், தம் மண்ணின் வில்லைக் கையிலெடுத்துக் காந்தியடிகளின் வரலாற்றை மேடைகளில் பாடினார். அவருக்குத் துணையாக அமைந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022). கலைவாணருக்குப் பின்னும் அவர் பல பதிற்றாண்டுகள் வில்லிசையைச் சென்னையின் சபைகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அயல்நாடுகளுக்கும் கொண்டு சென்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கொத்தமங்கலம் சுப்புவும் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக இயற்றிப் பாடிப் புகழ் பெற்றவர்.

இவர்கள் செய்த மாற்றம் கருவி மாற்றத்தினும் பெரிது. இரவு முழுதும் நீண்ட கதை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. கோவிலின் முன் தெய்வத்தை நோக்கி அமர்ந்த குழு, மேடை மீது மக்களை நோக்கி அமர்ந்தது. இறந்துபட்ட வீரனின் கதை இருந்த இடத்தில் தேசத்தலைவரின் கதையும் சமூகச் சீர்திருத்தமும் நகைச்சுவையும் வந்தன. இதனால் வில்லுப்பாட்டு அழிந்ததா? அன்று. தென்கோடியில் அறியப்பட்டிருந்த கலையைத் தமிழ்நாடு முழுதும் தன் கலையாக ஏற்றது. குடும்பநலம், எழுத்தறிவு போன்ற செய்திகளைச் சொல்ல அரசும் இயக்கங்களும் வில்லை நாடின. ஆனால் மேடையில் வெற்றி பெற்ற அவ்வடிவமே வில்லுப்பாட்டு என்று எண்ணும் ஒரு தலைமுறை தோன்றியதும் உண்மை. கொடைப் பந்தலில் விடியும்வரை பாடும் அண்ணாவியை அத்தலைமுறை அறியாது.

கொடைப் பந்தலில் அவ்வோசைக்கு ஒரு தொழில் உண்டு. அங்கே கேட்பவர் இருவகையினர். ஒரு சாரார் ஊர் மக்கள். மற்றவர் தெய்வமும், அத்தெய்வத்தைத் தம் மேல் ஏற்கும் கோமரத்தாடியும். காப்புப் பாடி, குருவடி வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் கூறிக் கதைக்குள் புகும் பாடகர், வீரனின் சாவை நெருங்கும்போது தாளத்தை முடுக்குவார். அடி விரைகின்றது, மணிகள் ஓயாது ஒலிக்கின்றன, கோமரத்தாடியின் உடல் நடுங்குகின்றது, அருள் இறங்குகின்றது. சாவு பாடப்படும் நொடியும் தெய்வம் வரும் நொடியும் ஒன்றாகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரி மாவட்டத்தில் களஆய்வு செய்து 1988இல் வெளியிட்ட நூலில், தெய்வப்பிறவிக் கதைகளுக்கும் வெட்டுப்பட்டு இறந்தோர் கதைகளுக்கும் பாடும் முறையிலேயே வேறுபாடு உண்டு என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். இவ்வட்டாரத்தின் கலைகளைப் பற்றி அ. கா. பெருமாள் எழுதியுள்ள நூல்களும் கொடைச் சடங்கிலிருந்து கலையைப் பிரித்துக் காண முடியாமையை உணர்த்துவன.

இங்கே ஓசை அழகுக்கு மட்டும் உரியதன்று. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படியே கோமரத்தாடிக்கு அந்த அடி. ஏரை வண்ணம் பூசலாம். கொழுவை எடுத்துவிட்டால் உழவு இல்லை. மின்னணுத் தாளக் கருவி ஒருமுறை அமைத்த வேகத்தில் மாறாது ஓடும். கோமரத்தாடியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடியை முடுக்கவும் தளர்த்தவும் கண்ணுடைய மனிதன் வேண்டும். அக்கருவியை ஒரு மனிதனே விரலால் தட்டி வாசித்தால் அவ்விடர் ஓரளவு நீங்கும்; ஆயினும் குடத்தின் கார்வையை அது தராது. பழைமைவாதியின் முகச்சுளிப்பில் பாதி வெறும் பழக்கத்தினால் வருவது. மறுபாதி, காரியம் நடக்கவில்லையே என்னும் உண்மையான குறை. முன்னதைப் புறக்கணிக்கலாம்; பின்னதைக் கேட்டே ஆக வேண்டும்.

இவ்விடத்து வேறொரு கேள்வியும் எழுகின்றது. ஓசையை மட்டும் அப்படியே காத்துவிட்டால் மரபு காக்கப்பட்டதாகுமா? முத்துப்பட்டன் கதை இதற்கு விடை தரும். அந்தணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகளிர் பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, அக்குலத்தின் தொழிலையும் ஏற்று, மாமனின் மாடுகளைக் காக்கக் கள்வரோடு பொருது மாண்டான். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக அவன் வணங்கப்படுகின்றான்; இன்றும் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைப்பர். இக்கதையைப் பதிப்பித்து ஆராய்ந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980), அப்பெண்கள் பிறப்பால் அந்தணப் பெண்களே, காட்டில் கிடந்து சக்கிலியரால் வளர்க்கப்பட்டவர்கள் என்னும் திரிபு பிற்காலத்தில் கதைக்குள் நுழைந்ததைச் சுட்டிக்காட்டினார். மேற்சாதியாரின் மனம் நோகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அத்திரிபு நுழைந்தபோது பந்தலில் ஆர்மோனியம் வந்தது என்று எவரும் முகஞ்சுளிக்கவில்லை. வில் அதே வில். குடம் அதே குடம். மணிகள் அதே மணிகள். ஓசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாதியை மறுத்து ஒருவன் உயிர் கொடுத்தான் என்னும் கதையின் முதுகெலும்பு சத்தமின்றி உருவப்பட்டது. கீபோர்டு செய்யக்கூடிய கேட்டினும் இது பெரிய கேடு. அது காதில் விழாத மாற்றமாதலின் மரபுக் காவலர் எவரும் விழித்துக்கொள்ளவில்லை. ஓசை மாறலாமா என்று கேட்போர், ஓசை மாறாதபோது வேறென்ன மாறுகின்றது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு மறுதலையாக, ஓசை மாறியதால் கலை வளம் பெற்ற நிகழ்வும் இம்மாவட்டத்திலேயே உண்டு. பெரும்பாலும் ஆண்களே வீசுகோல் ஏந்திய களத்தில் பெண்கள் சிலர் துணிந்து அமர்ந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள். சிறுமியாக இருந்தபோதே வில்லின் முன் அமர்ந்த அவர் நெடுங்காலம் கோவில் கோவிலாகப் பாடினார். முதுமையில் வறுமையோடு வாழ்ந்தார். ஒரு குழுவின் ஓசையில் கருவியினும் முதன்மையானது குரல். தலைமைப் பாடகரின் குரல் ஆணின் குரலிலிருந்து பெண்ணின் குரலாக மாறுவதினும் பெரிய ஓசை மாற்றம் வேறில்லை. இசக்கியாகிய நீலியின் கதையில், வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண்ணின் புலம்பலை ஒரு பெண்ணே பாடும்போது, பந்தலில் அமர்ந்த பெண்கள் கேட்கும் கேள்வி முற்றிலும் வேறு. வில், குடம், கதை யாவும் பழையன, ஓசை புதிது. மரபு அங்கே தன் மறந்துபோன பாதியைத் திரும்பப் பெற்றது எனலாம்.

இவ்வளவும் கருதி நோக்குமிடத்து, ஒரு மாற்றத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதற்கு மூன்று உரைகற்கள் புலப்படுகின்றன.

முதலாவது, வில் கேட்கின்றதா என்பது. குழுவிலிருந்து வில்லை எடுத்து அப்பால் வைத்தால் நிகழ்ச்சி குறைவுபட வேண்டும். எடுத்த பின்னும் ஒரு குறையுமின்றி நடக்குமாயின், அங்கே வில் மேடை அலங்காரமாகிவிட்டது என்பது பொருள். இன்று பல குழுக்களில் ஆர்மோனியத்துக்கும் கீபோர்டுக்கும் பாடகருக்கும் மைக் உண்டு. வில்லுக்கும் குடத்துக்கும் இல்லை. மணிகளின் ஒலி ஒலிபெருக்கிக்குள் புகாமல் முதல் மூன்று வரிசையோடு நின்றுவிடுகின்றது. நியூபோர்ட்டில் நடந்த பூசலின் ஒரு பகுதி ஒலியமைப்பின் குறையே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கருவிகளைக் குறித்துப் பல ஆண்டு நீளும் வழக்கு ஒன்று, குடத்தின் அருகே ஒரு மைக்கை வைப்பதனால் பாதி தீர்ந்துவிடக் கூடும்.

இரண்டாவது, மறுபக்கத்தாரின் குரல் இருக்கின்றதா என்பது. கருவிகள் பெருகும்போது கூலியைக் கட்டுப்படுத்த முதலில் குறைக்கப்படுபவர் பக்கப் பாட்டுக்காரர்களே. ஒருவர் இருவராகச் சுருங்கிப் பின் 'ஆமா' என்பதும் பெயரளவினதாகின்றது. கதைக்குள் கேள்வி கேட்க ஆள் இல்லாதபோது கதை சொற்பொழிவாகின்றது. கீபோர்டு வரட்டும், அதற்கு இடம் விட்டு எழுந்து போனவர் கேள்வி கேட்பவராக இருத்தல் ஆகாது.

மூன்றாவது, கதையின் நீதி நிற்கின்றதா என்பது. வெட்டுப்பட்டு இறந்தவன் ஏன் வெட்டுப்பட்டான், வெட்டியவன் யார் என்னும் இரண்டையும் ஊரறியச் சொல்வதே இக்கலையின் வேர். அநியாயமாக இறந்தவரைத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் அந்த அநியாயத்தை விடியவிடியச் சொல்லும் ஏற்பாடு அது. சினிமா மெட்டில் சொன்னாலும் அந்நீதி நிற்குமானால் மரபு நிற்கின்றது. பழுதற்ற பழைய ஓசையில் அந்நீதி மழுங்குமானால் மரபு வீழ்ந்தது.

இம்மூன்றில் தேறும் குழு எக்கருவியைச் சேர்த்தாலும் அது வில்லிசைக் குழுவே. இவற்றில் தவறும் குழு ஆர்மோனியத்தைக்கூடத் தொடாதிருந்தாலும் பயனில்லை. ஆகவே மாறலாமா என்னும் வினாவுக்கு விடை, மாறலாம் என்பதே. கொழுவைக் கழற்றாமல் மாற வேண்டும்.

இவ்விடையை நடைமுறைக்குக் கொணர்வது கலைஞர்களின் பொறுப்பு மட்டும் அன்று. கொடையில் வில்லடி ஒரு நள்ளிரவோடு முடிய வேண்டும், மறுநாள் மெல்லிசைக் கச்சேரி என்று ஊர்க்கமிட்டி முடிவு செய்தால், எட்டு மணி நேரக் கதையை அண்ணாவி எங்கே பாடுவார்? கூலியைப் பேசும்போது குழுவில் எத்தனை பேர் என்று கேட்காமல், எந்தெந்தக் கருவி உண்டு என்று மட்டும் கேட்கும் ஊரில் மறுபக்கத்தார் எப்படி நிலைப்பர்? இளங்கலைஞர் கீபோர்டை நாடுவது பழைமையை இகழ்வதற்காக என்று கொள்வது நியாயமன்று. அடுத்த ஆண்டும் அழைப்பு வர வேண்டுமே என்னும் கவலையே பெரும்பான்மையும் அவரைச் செலுத்துகின்றது. ஓசையைக் காக்க விரும்புவோர் முதலிற் காக்க வேண்டியது அவ்வோசையை எழுப்புபவனின் வயிற்றை.

பழைய ஓசை திரும்பிச் செல்ல இயலாதபடி மறைந்துவிடும் என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. அக்குறை நீக்க இன்று பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கைப்பேசி போதும். முதிய அண்ணாவி ஒருவர் கொடையில் பாடும் இரவு முழுதையும், இடையிலுள்ள வசனத்தோடும் மௌனத்தோடும் கோமரத்தாடியின் ஆட்டத்தோடும், ஊராரின் இசைவு பெற்றுப் பதிவு செய்து வைத்தால், பின்வருவோர் துணிந்து மாற்றலாம். பழைய ஓசை பத்திரமாக இருக்கும்போது புதிய ஓசையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இசைத்தட்டு இருந்ததனாலன்றோ மேலைநாட்டுக் குழுக்கள் துணிந்து மாறின.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் ஒன்று கூறுதல் தகும். ஓசை மாற்றம் குழுக்களுக்கு மட்டும் நேர்வதன்று; எழுதுகோலுக்கும் நேர்வது. தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) புலமை மரபில் வந்தவர். ஆயினும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையின் கொடுமையைச் சொல்லப் புகுந்தபோது, வீட்டு மொழியையும் வசைமொழியையும் செய்யுளுக்குள் அழைத்தார். நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி (1931–2005) கதைகளோடு தொடங்கி, 1959இல் பசுவய்யா என்னும் பெயரில் 'எழுத்து' இதழில் புதுக்கவிதை எழுதினார். 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை' தந்தார், 1981இல் 'ஜே. ஜே: சில குறிப்புகள்' வழியாகத் தம் உரைநடையின் ஓசையையே மாற்றிக்கொண்டார். முன்னைய நாவலை விரும்பிய வாசகர் சிலர் பின்னைய நாவலின் முன் திகைத்தனர். இருவரும் ஓசையை மாற்றியது புதுமை காட்டுதற்காக அன்று. சொல்ல வந்த பொருளுக்குப் பழைய ஓசை போதாமையால். வில்லடிப்பவருக்கும் கவிஞருக்கும் இவ்விதி பொது. பொருள் கேட்டால் ஓசையை மாற்றலாம். கைதட்டல் கேட்டால் சற்று நின்று யோசிக்கலாம்.

கலைவாணரோடு சுப்பு ஆறுமுகம் சேர்ந்தபோது நிகழ்ந்தது ஒரு கவிஞனும் ஒரு வில்லும் சேர்ந்த நிகழ்ச்சி. அதன் பின் இவ்வட்டாரத்தின் நவீன கவிஞர்கள் வில்லை நோக்கிச் சென்றது மிகக் குறைவு. பழைய ஏடுகளில் உள்ள கதைகளைப் பாடுகின்றனர். அரசுத் திட்டங்களைப் பாடுகின்றனர். இடைப்பட்ட பெருவெளி வெறுமையாகக் கிடக்கின்றது. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவன், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுபோன குளச்சல், மணக்குடி மக்கள், சாதி மாறி மணந்ததற்காக வெட்டுண்ட இளைஞர் ஆகியோர் எல்லாம் வில்லுக்குரிய கதைகள் அல்லவா? அகாலத்தில் இறந்தவரை நினைந்து பாடுவதற்கென்றே அமைந்த கருவி பந்தலில் காத்திருக்கின்றது. அதற்குச் சொல் தருவோர் இல்லாதபோது அது சினிமா மெட்டைத் தேடிச் செல்வதில் வியப்பென்ன?

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டமும் ஒருவகையில் ஒரு குழுவே. அதற்கும் ஓர் ஓசை அமைந்துவிடுகின்றது: ஒரே வகைக் கவிதை, ஒரே வகைப் பாராட்டு, ஒரே முன்வரிசை. வரும் பத்தாண்டில் அவ்வோசை மாறவேண்டுமாயின் எந்தப் புதிய வடிவத்தைச் சேர்ப்பது என்பதில் பெரிதாகத் தயங்க வேண்டியதில்லை. வலப்பக்கத்தார் பாடும்போது இடப்பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பவருக்கு இங்கே இடம் இருக்கின்றதா என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும். வரும் கொடைக்காலத்தில் இவ்வட்டத்தின் கவிஞர் ஒருவர் ஓர் அண்ணாவியின் அருகே ஓரிரவு விழித்திருந்து, அவருக்கென ஒரு புதுக்கதை எழுதித் தருவாராயின், அதுவே இவ்விழாவின் தக்க தொடர்ச்சியாகும். அக்கதைக்குக் கீபோர்டு வாசிப்பதா வேண்டாமா என்பதை அண்ணாவியே முடிவு செய்துகொள்வார்.